யாரும் புதைக்காத கல்

பூநகரியில் மிதிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திமூன்று வயது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள். பல்கலைக்கழகம் போகிற அளவுக்குப் புள்ளி வரவில்லை. கண்டாவளையில் எங்களுக்கு வயல் இருந்தது. அதைச் செய்ய அப்பாவும் அண்ணனும் போதும். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தும் கேட்காமல், அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன்.

இப்போது வவுனியாவில், நெளுக்குளத்தில் இருக்கிறேன். ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளர். குடுவைகளைக் கழுவி அடுக்குவதும் அமிலப் போத்தல்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவதும் என் வேலை. நிழலில் நின்று செய்கிற வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மத்தியானத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது சில நாள்களில் பூநகரி நினைவு வந்து கையைப் பிடித்துவிடும். அந்த மூன்று வருடமும் சாப்பிட்டது போல நான் பிறகு எங்கேயும் சாப்பிடவில்லை. சாப்பாடு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பாணும் சம்பலும், சில நாள் சோறும் மீன்குழம்பும். பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர்கள்தான் அதற்குக் காரணம்.

எங்கள் அணியில் பெரும்பாலும் பெண்கள். எனக்குச் சோடியாகக் கிடைத்தவர் நாற்பது வயதை நெருங்கிய ஓர் அக்கா. அவருடைய தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவர காலத்தில் வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். அக்கா கிளிநொச்சியில்தான் பிறந்தார். இருந்தும் வீட்டில் பேசிய தோட்டத்துப் பேச்சு அவர் நாக்கில் அப்படியே இருந்தது. கணவர் போர் முடிவதற்கு முந்திய வருடமே செல் குண்டு பட்டு இறந்துவிட்டார். ஒரு மகள், அவளைப் படிக்கவைக்கத்தான் இந்த வேலை. இவ்வளவையும் முதல் நாளே ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "சரி, என் கதை முடிஞ்சிருச்சு. இனிமே அழுவுற கதை பேசக்கூடாது, சிரிக்கிற கதைதான்" என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார்.

அணியின் மூன்றாவது முக்கியமான ஆள் எங்கள் மருத்துவ உதவியாளர். அவர் டொக்டர் இல்லை. ஆனால் எல்லோரும் டொக்டர் என்றுதான் கூப்பிட்டோம். முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன், தமையன்மார் எல்லோரும் கடற்தொழில். இவர் மட்டும் படகில் ஏறினால் சத்தி எடுப்பார். "கடல் வேண்டாமெண்டு துப்பின ஒரே ஆள் நான்தான்" என்று தானே சொல்லிச் சிரிப்பார். அவருடைய வேலை அம்புலன்ஸ் வண்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காத்திருப்பது. அவருக்கு வேலை வராத நாள்தான் எங்களுக்கு நல்ல நாள். கடவுள் புண்ணியத்தில் நாங்கள் இருந்த வருடங்களில் பாம்புக்கடி ஒன்று, வெயிலில் மயங்கியவர்கள் சிலர், விரலை வெட்டிக்கொண்டவர்கள் சிலர் என்பதோடு அவர் வேலை முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் கையில் கிடைத்ததை வாசித்தார்.

நாங்கள் வேலை செய்த இடம் கடல்நீரேரிக்குச் சற்றுத் தள்ளியிருந்த மணல்வெளி. முன்பு பத்துப் பதினைந்து குடும்பங்கள் இருந்த இடம். ஒரு மீற்றர் அகலமான பாதை ஒவ்வொருவருக்கும். ஒருவர் டிடெக்டரோடு முன்னால் போவார். சோடியாக வருபவர் பாதுகாப்பான தூரத்தில் பின்னால் நின்று பார்ப்பார். விசில் அடித்ததும் ஆள் மாறுவோம். சத்தம் வந்த இடத்தில் அடையாளம் வைத்து, அதற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளித் தொடங்கி, பக்கவாட்டில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு போகவேண்டும். மேலிருந்து ஒருபோதும் குத்தக்கூடாது. கிடைப்பதில் முக்கால்வாசி ஆணி, தகரம், தோட்டாக் கோது. இருந்தாலும் ஒவ்வொரு சத்தத்தையும் மிதிவெடி என்றே நினைத்துச் சுரண்டவேண்டும். 

அன்று அக்காவின் முறை. காலை பத்து மணி இருக்கும். டிடெக்டர் கத்தியது. மிதிவெடிக்குள் இருக்கும் இரும்பு கொஞ்சம்தான். அதன் சத்தம் ஊசிபோல ஓரிடத்தில் வரும். இது அப்படியில்லை, அகலமாக, மந்தமாக வந்தது. அக்கா இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு முழங்காலில் இருந்தார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. பிறகு அவர் கை நின்றது. தலைக்கவசத்தின் கண்ணாடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, சேரைக் கூப்பிடு."

"வெடியா அக்கா?"

"இல்ல. கல்லு."

மணல்வெளியில் கல்லே கிடையாது. கிணறு கட்டுவதற்குக்கூட வெளியிலிருந்துதான் கல் கொண்டுவர வேண்டும். எனக்கு உடனே ஏதோ போலிருந்தது.

மேற்பார்வையாளர் வந்து பார்த்து, வெடிபொருள் இல்லை என்று உறுதிசெய்த பிறகு அதை வெளியே எடுத்தோம். பாதித் தேங்காய்ச் சிரட்டை அளவு. கறுப்பு. ஒரு பக்கம் துரு ஏறிக் கபிலமாகியிருந்தது. மற்றப் பக்கத்தில், பிசைந்த மாவைப் பெருவிரலால் அமத்தியது போல ஆழமில்லாத பள்ளங்கள். தூக்கியபோது அந்த அளவுக் கல்லுக்கு இருக்கவேண்டியதைவிடப் பாரமாக இருந்தது.

"ஏதோ பழைய இரும்புக் கட்டி. குழியில போடுங்கோ" என்றார் மேற்பார்வையாளர். எடுக்கிற இரும்பெல்லாம் போட ஒரு குழி வைத்திருந்தோம்.

அக்கா போடவில்லை. "சேர், சாப்பாட்டு நேரம் வரைக்கும் வச்சிருக்கிறேனே" என்றார். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் அம்புலன்ஸ் நிழலில் வைத்து டொக்டரிடம் காட்டினோம். அவர் சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"அக்கா, இது விண்கல்லா இருக்கலாம்."

"விண்கல்லுனா?"

"வானத்திலயிருந்து விழுந்தது."

அக்கா மேலே பார்த்தார். பிறகு தன் பாதையைப் பார்த்தார். "என் லேன்லயா?" என்றார்.

அன்றிலிருந்து இரண்டு கிழமை எங்கள் மத்தியானங்கள் எல்லாம் அந்தக் கல்லைச் சுற்றித்தான். டொக்டர் போனில் சிக்னல் கிடைக்கிற ஒரே மேட்டில் ஏறி நின்று பக்கம் பக்கமாக இறக்கி வைத்து வாசித்தார். வாசித்ததை எங்களுக்குச் சொன்னார்.

"விண்கல்லில மூண்டு சாதி இருக்கு."

"வானத்துலயும் சாதியா?" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். டொக்டருக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. "சரி, மூண்டு வகை" என்று திருத்திக்கொண்டு தொடர்ந்தார். 

முதலாவது இரும்பு விண்கல். முழுக்க இரும்பும் நிக்கலும். ஒரு காலத்தில் உருகிப்போன சிறு கோள்கள் இருந்தன. உருகியபோது பாரமான இரும்பு நடுவுக்குத் தாழ்ந்தது. அந்தக் கோள் இன்னொன்றோடு மோதிச் சிதறியபோது நடுவிலிருந்த இரும்பும் துண்டு துண்டாகப் போனது. அப்படி வந்த ஒரு துண்டை வெட்டி, மினுக்கி, அமிலம் பூசினால் அதில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். படத்தைக் காட்டினார். பனையோலைப் பாயின் பின்னல் போல இருந்தது. "இந்தப் பின்னலை எந்தக் கொல்லனாலயும் செய்யேலாது. இலட்சக்கணக்கான வருசத்துக்கு ஒருக்கா ஒரு சில பாகைதான் சூடு குறையவேணும். அவ்வளவு மெதுவா ஆறினாத்தான் இது வரும்." 

இரண்டாவது கல்லும் இரும்பும் கலந்தது. மிக அரிது. அதன் படத்தைப் பார்த்ததும் நாங்கள் எல்லோரும் போனைப் பிடுங்காத குறை. வெள்ளி போன்ற இரும்புக்குள் மஞ்சளும் பச்சையுமாகக் கண்ணாடித் துண்டுகள் பதிந்திருந்தன. ஒலிவின் என்கிற கனிமமாம். "கற்கண்டப் பாகுல போட்ட மாதிரி இருக்கு" என்றார் அக்கா. அணியில் இன்னொரு பிள்ளை, "அக்கா, உங்கட கல்லுக்குள்ளயும் உப்பிடி இருந்தா எனக்கொரு தோடு" என்று முன்கூட்டியே கேட்டு வைத்தாள்.

மூன்றாவது கல் விண்கல். விழுகிறதில் மிகப் பெரும்பான்மை அதுதான். அதற்குள்ளேயும் பிரிவுகள். உருகாமல் பழையபடியே இருக்கிறவை ஒன்று. அவற்றுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும், கொன்ட்ரைட் என்று பெயர். அவற்றிலேயே கரி கூடின சிலவற்றுக்குள் தண்ணீர்கூட, கனிமங்களோடு பிணைந்தபடி இருக்குமாம். உருகி மறுபடி உறைந்தவை மற்றது. எரிமலைக் கல்லைப் போல இருக்கும். நிலாவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் தெறித்து வந்தவைகூட அந்தப் பிரிவில்தான் வரும்.

"எங்கட எந்த வகை?" என்று கேட்டேன்.

"பாப்பம்" என்றார். இரும்பாக இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. அது முகத்திலேயே தெரிந்தது.

உயர்தரத்தில் நான் படித்தது அப்போதுதான் ஒரு வேலைக்கு உதவியது. உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, நூலில் கட்டி, கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தோம். காந்தம் சாய்ந்தது, ஆனால் இரும்பில் பாய்ந்து ஒட்டுவது போல ஒட்டவில்லை. தரைக்குப் போடும் டைல் துண்டொன்றைக் கவிழ்த்து, அதன் கரடான முதுகில் கல்லின் கறுத்த பக்கத்தைத் தேய்த்தோம். சிவப்புக் கோடு விழுந்தால் அது வெறும் இரும்புத்தாதுக் கல். கன்னங்கறுப்புக் கோடு விழுந்தால் இன்னொரு தாது. எங்கள் கல் கோடே போடவில்லை. பிறகு கூட்டுறவுக் கடைத் தராசில் நிறுத்து, தண்ணீரில் அமிழ்த்தி, வழிந்த தண்ணீரை டொக்டரின் மருந்தளக்கும் குவளையால் அளந்தேன். வழிந்த தண்ணீரைப்போல மூன்றரை மடங்கு பாரம். சாதாரணக் கல் என்றால் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் கூட வரும். இரும்பு என்றால் ஏறக்குறைய எட்டு மடங்கு வரவேண்டும்.

"அப்ப முழு இரும்பு இல்லை" என்றேன்.

டொக்டர் குவளையைக் கழுவினார்.

இதற்குள் கதை அணி முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்குக் கறுப்பாகக் கண்டதெல்லாம் கொண்டுவந்து டொக்டரின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். றோட்டுக்குப் போடும் கிறவல் கல், கறுத்த தார்க் கட்டி, எரிந்துபோன வண்டியிலிருந்து உருகி வழிந்து உறைந்த அலுமினியம். ஒருத்தி கொண்டுவந்த கட்டி உண்மையிலேயே விண்கல் போலத்தான் இருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே பாண் போல ஓட்டைகள். "ஓட்டை இருந்தா அது உலையில உருகின இரும்புக் கழிவு. விண்கல்லுக்குள்ள காற்றுக்குமிழ் இராது" என்று டொக்டர் தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்லித்தான் திருப்பிக் கொடுப்பார். யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். "இது நல்ல கிறவல்" என்றாவது சொல்லுவார்.

கண்டியில் நிலவியல் படிப்பிக்கும் ஒரு பெண் விரிவுரையாளர், கிணற்றுத் தண்ணீர் சோதிக்கும் குழுவோடு கிளிநொச்சிக்கு வந்திருக்கிறார் என்று டொக்டருக்கு ஒரு செய்தி கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் புறப்பட்டோம். பூநகரியில் பஸ் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை நாள் நிற்கவேண்டும் என்பதால், விடிய வெள்ளாப்போடேயே வந்து தரிப்பிடத்தில் நின்றோம். அக்கா கல்லைத் துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து, மடியில் வைத்திருந்தார். கொண்டக்டர் வழியில் நீட்டிக்கொண்டிருந்த பையைத் தள்ளப் பார்த்தார், அது நினைத்தபடி நகரவில்லை.

"என்னம்மா உதுக்குள்ள, இந்தப் பாரம்?"

"கல்லுங்க."

"கல்லையே கிளிநொச்சிக்குக் கொண்டுபோறியள்?"

"வானத்துல இருந்து வந்தது. அதுக்கும் டிக்கட் போடுவீங்களா?"

கொண்டக்டர் எங்கள் மூவரையும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார். பரந்தன் வரைக்கும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விரிவுரையாளர் தங்கியிருந்த விடுதியின் முற்றத்தில் தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒல்லியான பெண்; என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். தமிழ் கொஞ்சம்தான் வந்தது. அவர் சிங்களத்தில் சொல்வதை டொக்டர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். துவாயைப் பிரித்ததும் அவர் "ஆ" என்றார். அந்தப் பெருவிரல் பள்ளங்களில் தன் பெருவிரலை வைத்து வைத்துப் பார்த்தார். காற்றை உரசிக்கொண்டு விழும்போது மேற்பகுதி உருகி வழிந்து இப்படிப் பள்ளம் விழும் என்றார். கறுப்பு நிறம், எரிந்த தோல். நகத்தளவு தடிப்புக்கூட இல்லை; உள்ளே சூடே ஏறியிராது. 

அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான் ஒரு மூலையை அரத்தால் தேய்த்தார். தேய்த்த இடம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. அதை முதலில் தான் பார்க்காமல், சின்னக் கைவில்லையை அக்காவின் கையில் கொடுத்து, எப்படிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிப்பது என்று காட்டினார்.

அக்கா நெடுநேரம் பார்த்தார். 

"மணி மணியா இருக்கு" என்றார். "கேப்பக் களிக்குள்ள திரண்டு நிக்குமே, அந்த மாதிரி. நடுவுல நடுவுல வெள்ளி மினுங்குது."

விரிவுரையாளர் சிரித்துத் தலையாட்டினார். அந்த மினுக்கம்தான் இரும்பும் நிக்கலும். டிடெக்டர் கத்தியது அதற்குத்தான். மணிகள்தான் இதன் வகையைச் சொல்கின்றன. இது கல் விண்கல். அதிலும் சாதாரண கொன்ட்ரைட்.

"சாதாரணமோ?" டொக்டரின் குரல் இறங்கிவிட்டது.

பெயர்தான் அப்படி, என்றார் அவர். விழுகிறவற்றில் அதிகமானவை இந்த வகை என்பதால் வைத்த பெயர். இரும்பு விண்கல் ஒரு கோள் உருகிப் பிரிந்த பிறகு உண்டானது. இந்த மணிகள் எந்தக் கோளுக்குள்ளும் உருகிப்போகாமல் அப்படியே நின்றவை. சூரியனைச் சுற்றித் தூசி சுழன்றுகொண்டிருந்த காலத்தில், அந்தத் தூசி சூடாகித் துளித் துளியாக உருகி, ஆறி, உருண்டையாகியது. அப்போது பூமி இன்னும் திரண்டு முடியவில்லை. நீங்கள் பார்த்தது பூமியைவிட மூத்தது என்று அக்காவிடம் சொன்னார். நானூற்றைம்பது கோடி வருடத்துக்கும் மேல்.

டொக்டர் அதைத் தமிழில் சொல்லி முடித்தார். பிறகு நான் கேட்டேன், "இது எப்ப விழுந்திருக்கும்?"

நாள் சொல்ல முடியாது என்றார். ஆனால் கடலோர மணலில், உப்புக் காற்றில், உள்ளே இருக்கும் இரும்பு நெடுங்காலம் தாங்காது. இதன் ஒரு பக்கத் தோல் இன்னும் இருக்கிறது. அதனால் பழையதில்லை; பத்து வருடமோ இருபது வருடமோ இருக்கலாம்.

டொக்டர் மெதுவாகச் சொன்னார், "அப்ப நாங்கள் இஞ்ச இருக்கேக்க விழுந்திருக்கு."

ஒரு விண்கல் விழும்போது ஊரே பார்க்கிற மாதிரி வெளிச்சம் வருமாம்; இடி போலச் சத்தம் கேட்குமாம். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வருடங்களில் வானத்தில் வெளிச்சம் தெரிந்தால் எங்களில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்கினோம். கண்டாவளையில் எங்கள் வீட்டுப் பங்கருக்குள் அம்மா என் காதைப் பொத்திக்கொண்டிருந்த நாள்களில் ஒன்றில்கூட இது வந்திருக்கலாம். அதையும் ஒரு செல் என்று நினைத்து எத்தனை பேர் தலையைக் குனிந்தார்களோ.

விரிவுரையாளர் கல்லைத் தன்னிடம் தரமுடியுமா என்று கேட்டார். நிக்கல் எவ்வளவு என்று ஆய்வுகூடத்தில் அளந்தால்தான் உறுதியாகும். ஒரு துண்டை வெட்டவேண்டி வரும். உண்மையில் இப்படிப்பட்ட கல் பலரும் படிக்கிற ஓரிடத்தில் இருப்பதுதான் நல்லது. ஆனால் கண்டெடுத்தவர் சம்மதித்தால் மட்டும்.

அக்கா கல்லைத் துவாயோடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"ஆறு வருஷமா இந்த மண்ணத் தோண்டுறேன் மிஸ்" என்றார். "மெசினு கத்துனா, கீழ இருக்கிறது ஒரு மனுசன் வச்சதாத்தான் இருக்கும். வெடி, இல்லாட்டி வெடியோட துண்டு, இல்லாட்டித் தோட்டா. ஒருத்தன் குனிஞ்சு பொதச்சது, இல்லாட்டி ஒருத்தன் குறி பாத்து விட்டது. ஒவ்வொரு தடவையும் தோண்டுறப்ப, இத வச்சவன் யாரா இருக்கும்னு நெனப்பேன். இது ஒண்ணத்தான் யாரும் பொதைக்கல. யாரும் யாரையும் கொல்றதுக்குப் போடல. அதுவா வந்து விழுந்து கெடந்திருக்கு. அதான் எனக்கு விட மனசு வரல."

டொக்டர் இதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். பாதியில் நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

விரிவுரையாளர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் நேரே அக்காவிடமே பேசினார். "நான் கவனமா வச்சிக்கிறது. ஒரு துண்டு, உங்களுக்குத் திரும்ப அனுப்புறது. நிச்சயம்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துவாயைப் பிரித்து, கல்லை மட்டும் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். 

திரும்பி வரும் பஸ்ஸில் வெறும் பையை மடியில் வைத்து, காலையில் பிடித்தது போலவே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

பிறகு பல மாதம் ஒரு செய்தியும் இல்லை. வீட்டுக்குப் போய்விட்டு டொக்டர் திரும்பி வரும் திங்கட்கிழமைகளில் அக்கா அவர் முகத்தைப் பார்ப்பார். டொக்டர் இல்லை என்று தலையை ஆட்டுவார். எனக்கு அந்த விரிவுரையாளர் மீது சந்தேகம் வந்துவிட்டது. "அவா குடுக்கமாட்டா அக்கா, விட்டுடுங்கோ" என்று ஒருநாள் சொன்னேன். அக்கா கோபித்தார். "அந்தப் பொண்ணு எனக்குத்தான மொதல்ல கண்ணாடிய குடுத்துச்சு. அது ஏமாத்தாது."

மாரி தொடங்கி வேலை நிறுத்தியிருந்த ஒரு பகலில் டொக்டர் ஒரு பொதியோடு வந்தார். மழைக்கு ஒதுங்கி எல்லோரும் அம்புலன்ஸுக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு இருந்தோம். சின்னப் பெட்டிக்குள் பஞ்சு; பஞ்சுக்குள் தீப்பெட்டி அளவில் மினுக்கிய ஒரு துண்டு. வெறும் கண்ணுக்கே இப்போது மணிகள் தெரிந்தன. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கடிதம். நிக்கல் அளந்தாகிவிட்டது, விண்கல் என்பது உறுதி, கல் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, பக்கத்தில் வைத்திருக்கும் குறிப்பின் நகல் இது என்று எழுதியிருந்தார். அந்தக் குறிப்பில் பூநகரி என்று இருந்தது. மிதிவெடி அகற்றும் பணியாளர் ஒருவரால் கண்டெடுக்கப்பட்டது என்று இருந்தது.

"என் பேரு போட்டிருக்கா?" அக்கா கேட்டார்.

"ஓம், போட்டிருக்கு. தகப்பன்ர முதலெழுத்துதான் பிழையாக் கிடக்கு."

அக்கா அந்தத் தாளை வாங்கி, தன் பெயரைத் தேடிப் பிடித்து, அதன் மேல் விரலை வைத்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனால் தன் பெயர் தெரியும்.

"எங்கப்பா நாப்பது வருஷம் ஒரு கடதாசிக்காக அலைஞ்சாரு. இந்த நாட்டுக்காரன்னு ஒரு கடதாசி. அது கைக்கு வந்தப்பவும் பேரு பிழையாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு சிரித்தார். "எழுத்து பிழையா இருந்தா என்னா, அவரு கோவிச்சுக்கமாட்டாரு."

அந்தத் துண்டு இன்றும் அவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மகள் படித்து முடித்து இப்போது ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. அக்கா வேலையை விட்டுவிட்டுக் காணியில் கச்சான்கடலை பயிர் போடுகிறார். டொக்டர் முல்லைத்தீவுக்கே திரும்பி, கலியாணம் செய்து, மருந்துக்கடை வைத்திருக்கிறார். விண்கல் பற்றி ஏதாவது வாசித்தால் இப்போதும் எங்கள் இருவருக்கும் குரல்பதிவு அனுப்புவார். அக்கா ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுச் சிரிக்கிற பதில் ஒன்று அனுப்புவார். மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டு வருடங்களாகிவிட்டன.

அந்த மணல்வெளியை ஒப்படைத்த நாளைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. ஒரு காணி முற்றாகத் துப்புரவான பிறகு, அதை எடுத்தவர்களே அதன் மேல் நடந்து காட்டுவது எங்கள் அணியின் வழக்கம். காணிக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். அன்று எல்லோரும் கைகோத்து ஒரே வரிசையாக நின்றோம். ஒரு பக்கம் அக்காவின் கை, மறுபக்கம் டொக்டரின் கை. அவர் நடக்கவேண்டியதில்லை, தானும் வருகிறேன் என்று வந்து சேர்ந்துகொண்டார். அக்கா கடைசி நேரத்தில் சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். நாங்களும் கழற்றினோம். வெறுங்காலில் மணல் சுட்டது. மூன்று வருடமாக ஒவ்வொரு அங்குலமாகப் போன தூரத்தைச் சில நிமிடத்தில் நடந்து முடித்தோம்.

காணியின் மறுபக்கத்து வேலியோரம் நின்றிருந்த ஒரு பெண் எங்களைக் கடந்து உள்ளே ஓடினார். நாங்கள் வெட்டிய பிறகு மறுபடி முளைத்திருந்த பற்றைக்குள் குனிந்து குனிந்து எதையோ தேடினார். பிறகு, "இஞ்ச கிடக்கு, இஞ்ச கிடக்கு" என்று கத்தினார். அவருடைய கிணறு. கட்டு உடைந்திருந்தது, உள்ளே பாசி. யாரோ கயிறும் வாளியும் கொண்டுவந்தார்கள். முதல் வாளித் தண்ணீரை அவர் நிலத்தில் ஊற்றினார். இரண்டாவதை அக்காவின் கையில் ஏந்தக் கொடுத்தார்.

"உவர்த்தண்ணி அம்மா, பரவாயில்லையே?" என்று கேட்டார்.

"குடுங்க" என்றார் அக்கா. குடித்துவிட்டு முகத்தையும் கழுவினார். பிறகு நாங்களும் ஒவ்வொருவராகக் கையேந்தினோம்.